அம்மன் கோயில் சுவரில் ஓடிய மஞ்சள் இழை

லண்டனில் கண்ணாடி இழை வெட்டத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். ஒரே கீறலில், முனை தண்ணீர் மட்டம்போல வரும்படி வெட்டத் தெரிந்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டவன், ஊரில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டித் திரிந்தவன், எண்பதுகளின் நடுவில் அளவில்லாத இரவல் கோட்டோடு இந்த நகரத்தில் இறங்கினான். அப்படிப்பட்டவன் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது?

ரயில் பாலத்து வளைவு ஒன்றுக்குள் இருந்த சின்ன வேலைத்தலத்தில் என்னைக் கூட்டித் துடைக்கத்தான் எடுத்தார்கள். முதலாளி ஓர் ஆங்கிலப் பெண்மணி. ஒளியைப் பற்றிப் படித்துக் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். ஒருநாள் வேலையாள் ஒருவர் வராததால் என் கையில் வைர முனைக் கத்தியைத் தந்து ஒரு இழையை வெட்டச் சொன்னார். வெட்டினேன். உருப்பெருக்கியில் முனையைப் பார்த்தவர், தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், திரும்பவும் முனையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அங்கே கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்தது வேறு ஆள்.

இழை என்றால் தலைமயிர்த் தடிப்பில் ஒரு கண்ணாடி. ஒரு முனையில் வெளிச்சம் விட்டால் மறுமுனையில் வந்து சேரும். இழை சும்மா கிடந்தால் ஏறக்குறைய முழுவதும் வரும். எங்காவது நெரித்தால் அந்த இடத்தில் கொஞ்சம் வெளியே போய்விடும், பஸ்ஸின் திறந்த பின்படியில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவன் வளைவில் தெருவுக்கு எறியப்படுவதைப் போல. தொலைபேசிக்காரருக்கு இந்த இழப்பு நட்டம். எங்களுக்கு அதுதான் சாப்பாடு. பல்லுப் பல்லாக வெட்டிய இரண்டு சின்னத் தகடுகளுக்கு நடுவே இழையைப் படுக்கவைப்போம். தகடுகள் நெருங்கினால் வெளிச்சம் குறையும். குறைந்ததை அளந்தால் எது எவ்வளவு அசைந்தது என்று சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட மீற்றரில் தெரிந்துவிடும். பாலங்களுக்கும் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் அப்படிச் செய்து கொடுத்தோம். அந்த இழப்புக்கு டெசிபெல் என்று ஒரு கணக்கு உண்டு. அதன் படிப்பு எனக்குத் தெரியாது. எண் எந்தப் பக்கம் போனால் பயப்பட வேண்டும் என்பது தெரியும். அது போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆட்கள் சேர்ந்து அம்மன் கோயிலுக்கென்று ஒரு கட்டடம் வாங்கினார்கள். ஆளில்லாமல் கிடந்த பழைய சபை மண்டபம். அதற்கு முன் அம்மாள் ஒரு வீட்டின் கராஜில், பழைய சைக்கிளுக்கும் பெயின்ற் வாளிக்கும் பக்கத்தில் இருந்தாள். தை மாதம் கும்பாபிஷேகம் என்று நாள் வைத்தாயிற்று. அப்போதுதான் பக்கச் சுவரில், ஜன்னலுக்கு மேலே, ஒரு வெடிப்பு இருப்பதைக் கவுன்சில் கட்டடப் பரிசோதகர் கண்டார்.

மரியாதையான மனிதர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, கழுத்து நோகும்வரை அண்ணாந்து பார்த்தார். வெடிப்பு பழையது, அசையவில்லை என்றால் பூசி மூடிவிடலாம். இன்னும் விரிகிறது என்றால் மண்டபத்தைப் பூட்டத்தான் வேண்டும், கும்பாபிஷேகத்தையும் யோசிக்க ஏலாது. அவர் சொன்னது அவ்வளவுதான். அதைக் கேட்ட கோயில் தலைவரின் முகத்தில் இரத்தமே இல்லை. ஊரில் பாடசாலை அதிபராக இருந்தவர் அவர், இங்கே பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தார். வீடு வீடாகப் போய், பல்லைக் காட்டி, பேச்சு வாங்கி, அந்தக் கட்டடத்தை வாங்குவித்தவர். அது பூட்டப்பட்டால் அம்மாள் திரும்பவும் கராஜுக்குத்தான் போகவேண்டும். இன்னொரு கட்டடம் வாங்க எங்கள் சனத்திடம் தெம்பு இல்லை.

“விரியுதோ இல்லையோ எண்டு நான் சொல்லுறன்” என்றேன்.

தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீர் சொல்லுவீரோ? சுவர் உம்மட காதுக்க வந்து சொல்லுமோ?”

“காதுக்க இல்லை மாஸ்டர். மீற்றரில.”

“கடவுளே, உந்த ஆளிட்ட மைக்கைக் குடுத்தாலே விடமாட்டான். இப்ப மீற்றரும் குடுத்திட்டாங்கள்.”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பரிசோதகரிடம் விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கியதும் நான்தான், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கையையும் காலையும் ஆட்டி. அவருக்கு அது பிடித்துப் போயிற்று. சாதாரண முறையில் அளந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். பொங்கலுக்கு முன் வந்து என் அளவைப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார். முதலாளியும் ஒரு பழைய பெட்டியையும் மீற்றரையும் இரவல் தந்தார்.

வேலையை ஒரு சனிக்கிழமை செய்தேன். ஏணியில் ஏறி, வெடிப்புக்குக் குறுக்கே பல்லுத் தகடுகளைப் பதித்தேன். விரலுக்குள் விரலை மாட்டி இழுத்தால் இறுகுவதைப் போல, வெடிப்பு விரிந்தால் தகடு நெருங்கும், வெளிச்சம் குறையும். அங்கிருந்து இழையைச் சுவர் வழியே கொண்டுபோய்ச் சமையலறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில் பெட்டியோடு பூட்டினேன். சுவரின் கீழ்ப்பக்கம் சூடேற்றும் குழாய், மேலே ஜன்னல்கள். அதனால் இழை தோள் உயரத்தில், சின்னச் சின்னக் கொக்கிகளில் ஓடியது. இன்றைக்குச் செய்யச் சொன்னாலும் அதே உயரத்தில்தான் போடுவேன். வேலைத்தலத்தில் மிச்சமிருந்தது மஞ்சள் உறை போட்ட மெல்லிய இழை, அதைத்தான் கொண்டுவந்திருந்தேன். பெட்டியின் விளக்கு தானாக மங்கினால் சுவரைக் குறை சொல்லக்கூடாது அல்லவா? அதற்காகப் பெட்டிக்குள்ளேயே இன்னோர் இழையைச் சுருட்டி வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டும்படி செய்திருந்தோம். முதல் நாள் வெளிச்சத்தை ஆயிரம் என்று வைத்துக்கொண்டோம்.

எல்லாம் முடிந்ததும் ஐயரைக் கூப்பிட்டேன். புதுக் கார் வாங்கினாலும் புது அரவை இயந்திரம் வாங்கினாலும் பூசை செய்யாமல் தொடங்குவது எங்கள் வழக்கம் இல்லை. அவர் முதல் கொக்கியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு பூவையும் செருகி, இழை போகும் வழியெல்லாம் கற்பூரம் காட்டினார். அது பெண்கள் நிற்கிற பக்கம், அங்கே நின்றவர்கள் கும்பிட்டார்கள். எனக்கு அது நிறைவாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை சமையலறைப் பின்கதவால் வந்து மீற்றரைப் பார்த்தேன். ஆயிரம். அதற்கு அடுத்த சனிக்கிழமை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு.

பெரிய குறைவு இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன், முனைகளைத் துடைத்தேன். அதே எண். அடுத்த வாரம் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. பிறகு எழுபது. கிழமை நாட்களில் ஐயரைக் கொண்டு மீற்றரை வாசிப்பித்து, தொலைபேசியில் கேட்டேன். வியாழன்வரை அசையாமல் நிற்கும் எண், வெள்ளிக்கிழமை பூசை முடிய இறங்கியிருக்கும். வெள்ளிக்கிழமைதான் சனம் நிறைகிற நாள். எனக்கு வேறென்ன தோன்றும்? இவ்வளவு பேரின் பாரமும் நிலத்தை அமுக்க, நிலம் சுவரை இழுக்கிறது.

தலைவரிடம் சொன்னபோது அவர் பகிடி விடவில்லை. “சரியாப் பாத்தனீரோ?” என்று மட்டும் கேட்டார்.

“பாத்தனான் மாஸ்டர்.”

“அப்ப பூட்டப் போறாங்கள்.”

சாமான் அறையில் அரிசி மூட்டையின் மேல் இருந்துகொண்டு, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார். பரிசோதகரிடம் மறைப்போம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உள்ளே குழந்தைகளும் நிற்கிற இடம் அது.

அந்த வாரங்களில் வீட்டில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி கேட்பாள், “இண்டைக்கு எவ்வளவு?” எண்ணைச் சொல்வேன். அவள் உள்ளே போய்த் தன் சிநேகிதிகளுக்குத் தொலைபேசி எடுப்பாள். டூட்டிங்கில் மரக்கறி வாங்கப் போனாலும், கடையில் நிற்கிறவர்கள் என்னைக் கண்டதும் வெண்டிக்காயை விட்டுவிட்டு “சுவர் எப்படி அண்ணை?” என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளைப் பற்றி விசாரிப்பதைப் போல.

முகம் வாடியிருந்ததை முதலாளியும் கண்டுவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். “எவ்வளவு குறைந்தது என்று சொல்கிறாய். எங்கே குறைந்தது?” என்று கேட்டார்.

மீற்றர் எங்கே என்று சொல்லாது. முனையிலிருந்து முனைவரை நடந்த எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் ஒரு சுவர் விழப்போகிறது என்று ஊரெல்லாம் நம்பும்போது, கொக்கி கொக்கியாக இழையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆருக்குத் தோன்றும்? முதலாளி ஒரு சிவப்பு லேசரைப் பலசரக்குக் கடைப் பையில் போட்டுக்கொண்டு, “வா, போகலாம்” என்றார். அதுதான் அவர்.

மார்கழி மாதம், மதியப் பூசை முடிந்து நடை சாத்தியிருந்தது. நாலு மணிக்கே வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. என் மனைவி பித்தளை விளக்குகளைத் தேய்த்துக்கொண்டு உள்ளே இருந்தாள், தலைவரும் ஐயரும் நின்றார்கள். முதலாளி சப்பாத்தை வாசலில் விட்டுவிட்டு, தடித்த காலுறையோடு சாமான் அறை நிலத்தில் இருந்து, மீற்றரைக் கழற்றி அந்த இடத்தில் லேசரைப் பூட்டினார். அதைத் திருகி, இதைத் திருகி, கடைசியில் வெளிச்சம் இழைக்குள் போயிற்று. “விளக்கை அணை” என்றார்.

அணைத்தேன்.

பெண்கள் நிற்கிற பக்கத்துச் சுவர் முழுவதும், தோள் உயரத்தில், சிவப்புப் பொட்டுக்கள். ஒன்று, இரண்டு என்று இல்லை. வரிசையாக, குங்குமம் வைத்ததைப் போல.

“அம்மாளே!” என்று என் மனைவி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். ஐயரும் கையெடுத்தார்.

“அம்மாள் இல்லையப்பா, லேசர்” என்றேன். எங்கெங்கே வெளிச்சம் வெளியே போகிறதோ அங்கெல்லாம் உறைக்கு ஊடாகச் சிவப்பு தெரிகிறது. வெடிப்புக்கு மேலே தகடுகள் இருக்கிற இடத்தை அண்ணாந்து பார்த்தேன். அங்கே பதித்த நாளில் இருக்கவேண்டிய மெல்லிய சிவப்புத்தான், அதற்கு மேல் இல்லை. கசிவெல்லாம் கீழே.

விளக்கைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன். நான் வழக்கமாகப் போகாத பக்கம் அது. மஞ்சள் இழையில், கொக்கிக்குக் கொக்கி, மஞ்சள் நூல்கள் கட்டியிருந்தன. மஞ்சள் பூசிய நூல், சின்னத் துணி முடிச்சு, ஓரிடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டித் தொட்டில். ஒவ்வொன்றும் இழையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. மஞ்சளில் மஞ்சள், தூரத்தில் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது.

“இதெல்லாம் ஆர் கட்டினது?”

ஐயர் சொன்னார்: “சனம்தான் அண்ணை. நேர்த்திக்குக் கட்டினவை.”

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே ஐயா!”

“நான் என்னத்தைச் சொல்லுறது? நீங்கள்தானே கூப்பிட்டுப் பூசை செய்விச்சனீங்கள். சந்தனம் வைச்சுக் கற்பூரம் காட்டின மஞ்சள் கயிறு. சனம் கட்டாமல் விடுமோ?”

ஆகப் பெரிய முடிச்சு, சிவப்பும் ஆகப் பிரகாசமாக எரிந்த இடம், நடுக்கொக்கிக்குப் பக்கத்தில் இருந்தது. துணியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுத் திரைச்சீலைத் துண்டு.

“இது?”

“நான் கட்டினது” என்றாள் மனைவி.

“என்னத்துக்கப்பா?”

“சுவர் விழக்கூடாதெண்டு.”

தலைவர் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார்.

“என்ன பாக்கிறியள் மாஸ்டர்? இவர் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை செத்த வீட்டுக்குப் போய் வாறவர் மாதிரி வாறார். எழுபது எண்டுறார், அறுபது எண்டுறார். நான் என்ன செய்யிறது? அம்மாளிட்டத்தானே சொல்ல ஏலும். தெரிஞ்ச ஆக்களுக்கும் போன் பண்ணிச் சொன்னனான், எல்லாரும் ஒவ்வொரு முடிச்சுக் கட்டுங்கோ எண்டு.”

எண் இறங்கியது, இவள் தொலைபேசி எடுத்தாள், வெள்ளிக்கிழமை முடிச்சுக் கூடியது, எண் இன்னும் இறங்கியது. சுவர் நிற்க வேண்டும் என்று கட்டியவைதான் சுவர் போகிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. முதலாளிக்கு இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் சிரிக்கவில்லை. தொட்டிலுக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்து, “இது ஒரு குழந்தைக்காகவா?” என்று கேட்டார். ஓம் என்றேன். அதைத் தொடாமல் நிமிர்ந்தார்.

“கத்திரிக்கோல் எங்க?” என்றார் தலைவர்.

“ஏலாது!” ஐயரும் என் மனைவியும் ஒன்றாகச் சொன்னார்கள்.

“என்ர நேர்த்தியில கத்தி வைச்சால் பிறகு நடக்கிறதுக்கு நீங்கள்தான் பொறுப்பு மாஸ்டர்.”

கட்டியவர்கள் தங்கள் கையால் அவிழ்க்கவேண்டும் என்று ஐயர் முடிவு சொன்னார். இரண்டு தூண்களுக்கு நடுவே அசல் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டி, அதற்கும் பூசை செய்தார். வெள்ளிக்கிழமை மாலை பெண்கள் வரிசையாக வந்து இழையில் இருந்து அவிழ்த்துக் கயிற்றில் கட்டினார்கள். மீற்றரைத் திரும்பப் பூட்டி, சாமான் அறையில் நான் இருந்தேன். சுவருக்கு அப்பால் பேச்சு எனக்குக் கேட்டது. “நகத்தால எடு பிள்ளை.” “உவ்வளவு இறுக்கி ஆர் கட்டச் சொன்னது?” “அம்மாள் மறந்து போவா எண்டு பயமாக்கும்.” ஒவ்வொரு முடிச்சும் அவிழ, மீற்றரில் எண் ஏறிற்று. எழுபது, எண்பது, தொண்ணூறு. ஒரு துள்ளலாக எண் ஏறியபோது அது என் மனைவியுடையது என்று கேட்காமலே தெரிந்தது. இத்தனை வருடம் மீற்றர் பார்த்திருக்கிறேன், எண் ஏறும்போது கண் கலங்கியது அந்த ஒருநாள்தான்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில் நின்றது.

காத்திருந்தேன். அசையவில்லை. இந்த மூன்றும் சுவரின் மூன்று என்றால்? வெளியே ஓடிவந்து, “எல்லாரும் அவிழ்த்தாச்சோ?” என்று கேட்டேன். கடைசிக் கொக்கிக்குப் பின்னால் ஒரு வெள்ளை நூல் இருந்தது. ஹவுன்ஸ்லோவில் இருக்கிற ஒரு பெண் கட்டியது, விமான நிலையத்தில் சுத்தம் செய்கிற வேலை, இன்றைக்கு ஷிப்ட் என்றார்கள். எத்தனை மணிக்கு வருவாள் என்று ஒருவருக்கும் தெரியாது. பூசை முடிந்தது, பிரசாதம் கொடுத்தாயிற்று, ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் வாசலைப் பார்த்தபடி நின்றார்கள்.

வேலைச் சட்டையோடு ஓடிவந்தாள். இத்தனை பேர் தன்னைப் பார்க்கிறதைக் கண்டு பயந்துபோய், “என்ன, நான் என்ன செய்தனான்?” என்றாள்.

“ஒண்டும் செய்யேல்லை பிள்ளை. உன்ர நூலை அவிழ்.”

நான் அறைக்குள் ஓடினேன். தொண்ணூற்றேழு. தொண்ணூற்றேழு. பிறகு ஆயிரம்.

அதற்குப் பிறகு பரிசோதகர் வரும்வரை எண் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. வெள்ளிக்கிழமைச் சனத்துக்கும் நகரவில்லை, மார்கழிக் காற்றுக்கும் நகரவில்லை. நடந்ததை ஒளிக்காமல் அவருக்குச் சொன்னோம். அவர் வெடிப்பைப் பார்த்தார், அளவுகளைப் பார்த்தார், தூண் கயிற்றில் தொங்கிய முடிச்சுகளையும் சுற்றி வந்து பார்த்தார். பழைய வெடிப்பு, அசைவில்லை, பூசி மூடுங்கள் என்றார். அவர் கார் தெருவைத் திரும்பும்வரை தலைவர் வாசலில் வெறுங்காலோடு நின்றார். பிறகு உள்ளே வந்து, அந்தச் சுவரில் முதுகை முழுப் பாரமாகச் சாய்த்து, நிலத்தில் காலை நீட்டி இருந்து, “ஒரு தேத்தண்ணி தாங்கோ ஆராவது” என்றார். கும்பாபிஷேக வேலைகள் அந்தத் தேத்தண்ணியோடு தொடங்கின.

அன்று பின்னேரம் நானும் மனைவியும் பஸ் ஏறினோம். வாரக்கணக்கில் கண் மூடாதவன், ஏறி இருந்ததுதான் தெரியும். யாரோ தோளைத் தட்டி எழுப்பினார்கள். பஸ் வெறுமையாக இருந்தது, வெளியே எனக்குத் தெரியாத ஒரு கடைசித் தரிப்பிடம்.

“என்னப்பா, எங்கட இடம் வரேக்க என்னை எழுப்பியிருக்கலாமே” என்றேன்.

“நானும் நல்ல நித்திரை” என்றாள் மனைவி.